தெருவுக்குள் ஓடிய தண்டவாளம்

1895 என்ற வருடத்தை நம் கம்பம் பள்ளத்தாக்கில் யாரும் மறக்க மாட்டார்கள். பொறியாளர் பென்னிகுயிக் கட்டிய முல்லைப் பெரியாறு அணை அந்த வருடம் அக்டோபரில்தான் திறக்கப்பட்டது. மேற்கே கடலுக்குப் போய்க்கொண்டிருந்த தண்ணீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே திரும்பி நம் வயல்களுக்கு வந்தது. லோயர் கேம்ப்பில் இருக்கும் அவருடைய மணிமண்டபத்துக்குப் போய் வந்தவர்களுக்கு இந்தக் கதை நன்றாகத் தெரியும்.

அணை திறப்பதற்கு ஐந்து மாதம் முன்னால், அதே 1895 மே 7-ம் தேதி, சென்னையிலும் ஓர் அதிசயம் நடந்தது. தெருவில் பதித்த தண்டவாளத்தில் ஒரு பெட்டி தானாக ஓடியது. இழுக்க மாடு இல்லை, குதிரை இல்லை, புகை விடும் எஞ்சினும் இல்லை. மின்சாரத்தில் ஓடியது. இந்தியாவின் முதல் மின்சார டிராம் அதுதான். கல்கத்தாவில் 1873-லேயே டிராம் இருந்தது, ஆனால் குதிரைகள் இழுத்தன. அங்கே மின்சார டிராம் வர 1902 ஆயிற்று. பம்பாயில் 1907. லண்டன் தெருக்களிலேயே 1901-ல்தான் வந்தது. யோசித்துப் பாருங்கள், நம் சென்னை லண்டனுக்கு ஆறு வருடம் முந்திக்கொண்டது!

அந்த டிராம் 58 வருடம் ஓடி, 1953 ஏப்ரலில் நின்றுபோனது. இன்று சென்னைத் தெருக்களில் அது ஓடுவதில்லை. இவ்வளவு நல்ல வண்டி ஏன் காணாமல் போனது? அதைப் புரிந்துகொள்ள, முதலில் அது எப்படி ஓடியது என்று பார்க்க வேண்டும்.

பேட்டரியையும் பல்பையும் வயரால் இணைத்து வகுப்பில் செய்து பார்த்திருப்பீர்கள். ஒரு வயர் போதாது. போக ஒன்று, திரும்பி வர ஒன்று வேண்டும். சுற்று முழுமையானால்தான் மின்சாரம் ஓடும். டிராமுக்கும் அதே கதைதான். தெருவுக்கு மேலே ஒரு கம்பி கட்டியிருப்பார்கள். டிராமின் கூரையிலிருந்து நீளமான கம்பு ஒன்று எழும்பி, நுனியில் இருக்கும் சிறு உருளையால் அந்தக் கம்பியைத் தொட்டபடி வரும். மின்சாரம் கம்பு வழியாக இறங்கி, மோட்டாரைச் சுழற்றி, இரும்புச் சக்கரம் வழியாகத் தண்டவாளத்துக்குள் போய், மின்நிலையத்துக்குத் திரும்பிவிடும். ஆக, தண்டவாளத்துக்கு இரண்டு வேலை: வண்டியையும் தாங்க வேண்டும், திரும்பும் வயராகவும் இருக்க வேண்டும்.

சென்னையில் முதலில் மேலே கம்பி கட்டவில்லை. தெருவுக்கு அடியில் ஒரு கால்வாய் வெட்டி, மின்சாரம் பாயும் கம்பியை அதற்குள் வைத்தார்கள். மேலே ஒரு நீண்ட கீறல் மாதிரி திறப்பு. அதன் வழியாக டிராமிலிருந்து ஒரு தகடு உள்ளே நுழைந்து மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும். தெரு பார்க்க அழகாக இருந்திருக்கும். ஆனால் சென்னைக்கு ஐப்பசி கார்த்திகையில் அடைமழை வருமே! கால்வாய்க்குள் தண்ணீர் புகுந்தது. தண்ணீரும் மின்சாரமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடைசியில் அந்த ஏற்பாட்டைக் கைவிட்டு, மேலே கம்பி கட்டினார்கள்.

டிராம் ஓட்டுநர் ஒரு கைப்பிடியைத் திருகித்தான் வேகத்தைக் கூட்டுவார். இதில் ஓர் அழகான சூட்சுமம் இருக்கிறது. பழைய டிராம்களில் பெரும்பாலும் இரண்டு மோட்டார்கள் இருக்கும். புறப்படும்போது இரண்டையும் தொடர் இணைப்பில் வைப்பார்கள். மின்னழுத்தம் இரண்டுக்கும் பாதிப் பாதியாகப் பிரியும், வண்டி மெதுவாக, குலுங்காமல் நகரும். வேகம் பிடித்தபின் கைப்பிடியை இன்னும் திருகினால் இரண்டும் பக்க இணைப்புக்கு மாறும். ஒவ்வொரு மோட்டாருக்கும் முழு அழுத்தம் கிடைக்கும். இரண்டு பல்பை வைத்துத் தொடர் இணைப்பு, பக்க இணைப்பு என்று பரீட்சைக்குப் படிக்கிறோமே, அந்தப் பாடத்தை வைத்தே ஊர்ஊராக ஜனங்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். கைப்பிடி கையில் இருக்கும், மணி காலடியில் இருக்கும். வழியில் ஆள் நின்றால் காலால் மிதித்து மணி அடிப்பார்கள்.

சரி, எதற்கு இரும்புச் சக்கரம்? சாலையிலேயே ஓட்டியிருக்கலாமே?

ஒரு கோலிக்குண்டை எடுத்துக்கொள்ளுங்கள். புத்தகம் ஒன்றைச் சாய்த்து வைத்து, அதன் மேலிருந்து உருட்டி, மொசைக் தரையில் எவ்வளவு தூரம் போகிறது என்று அளந்து பாருங்கள். அடுத்து அதே இடத்தில் ஒரு போர்வையை விரித்து, அதே உயரத்திலிருந்து உருட்டுங்கள். போர்வையில் சீக்கிரம் நின்றுவிடும். போர்வை அமுங்குகிறது, குண்டு ஒவ்வொரு நொடியும் தன் முன்னால் ஒரு சின்ன மேட்டை ஏறியாக வேண்டியிருக்கிறது. அப்படி அமுக்குவதிலேயே அதன் சக்தி கரைந்துபோகிறது. ரப்பர் டயரும் சாலையைத் தொடும் இடத்தில் அமுங்கி நிமிர்ந்து அமுங்கி நிமிர்ந்துதான் ஓடுகிறது. தேனியிலிருந்து கம்பம் போய் நின்ற பேருந்தின் டயர் சூடாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் அமுங்குவது மிகக் குறைவு. ஒரு ரயில் சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் இடம் ஒரு சின்ன நாணயம் அளவுதான் இருக்கும். சமதளத்தில் ஒரு டன் எடையைத் தண்டவாளத்தில் உருட்ட, ஏறக்குறைய 2 கிலோ எடைக்குச் சமமான இழுவிசை போதும். லாரி டயரில் அதே ஒரு டன்னுக்கு 6 முதல் 10 கிலோ வரை வேண்டும். ஆள் நிறைந்த 15 டன் பேருந்தை எடுத்துக்கொண்டு நீங்களே பெருக்கிப் பாருங்கள். டன்னுக்கு 8 கிலோ என்றால் சாலையில் 120 கிலோ, தண்டவாளத்தில் 30 கிலோ. தெருவில் பதித்த டிராம் பாதையில் மண்ணும் குப்பையும் சேரும் என்பதால் இந்த லாபம் கொஞ்சம் குறையும். குறைந்தாலும் லாபம் லாபம்தான்.

இந்த லாபத்தை நம் மலையிலேயே ஒருவிதமாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். போடிக்கு மேற்கே, குரங்கணிக்கும் மேலே, தமிழ்நாடும் கேரளமும் சந்திக்கும் உச்சியில் டாப் ஸ்டேஷன் இருக்கிறது. மூணாறு தேயிலைத் தோட்டங்களிலிருந்து அதுவரைக்கும் 1902-ல் ஒரு ரயில் போட்டார்கள். அதற்கு ஒரே ஒரு தண்டவாளம்தான்! வண்டியின் சின்னச் சக்கரம் தண்டவாளத்தில் ஓடும். பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் பெரிய சக்கரம் பக்கத்துச் சாலையில் உருளும். எடை பெரும்பாலும் தண்டவாளத்தின் மேல், சாய்ந்துவிடாமல் பிடித்துக்கொள்ள மட்டும் சாலைச் சக்கரம். இழுத்தவை மாடுகள். வெறும் மண்சாலையில் இழுக்க முடியாத பாரத்தை, பாதையில் பதித்த ஒற்றை இரும்புக் கோடு மாடுகளுக்கு இலகுவாக்கிக் கொடுத்தது.

டாப் ஸ்டேஷனுக்கு வந்த தேயிலைப் பெட்டிகளை அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கவிட்டு, ஐந்து கிலோமீட்டர் கீழே நம் கொட்டகுடிக்கு இறக்கினார்கள். அதனால் கொட்டகுடிப் பக்கத்துக்கு பாட்டம் ஸ்டேஷன் என்றே பெயர் வந்தது. அங்கிருந்து மாட்டுவண்டியில் போடிக்கு. 1908-ல் மாடு இழுத்த ஒற்றைத் தண்டவாளத்தை எடுத்துவிட்டு, இரண்டடி அகலத்தில் நீராவி ரயிலே விட்டார்கள். 1924-ல் வந்த பெருவெள்ளம் அந்தப் பாதையை உருக்குலைத்துவிட்டது. திரும்பப் போடவில்லை. இப்போது டாப் ஸ்டேஷனில் பனிமூட்டம் பார்க்கப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? அங்கே ஒரு நல்ல பெரிய பலகை வைத்து, படத்தோடு எழுத வேண்டும் என்பது என் ஆசை. அதே வகை ஒற்றைத் தண்டவாள ரயில் பாட்டியாலாவிலும் இருந்தது. அதை மட்டும் டெல்லி ரயில் அருங்காட்சியகத்தில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

இரும்பின் மேல் இரும்பு லேசாக உருளுவதால் வருகிற நன்மையைப் பார்த்தோம். தொல்லையும் அதே இடத்திலிருந்துதான் வருகிறது. லேசாக உருளும் சக்கரம் பிரேக் போட்டால் லேசில் நிற்காது. உலர்ந்த தார்ச்சாலையில் ரப்பர் டயருக்குக் கிடைக்கும் பிடிப்பில் மூன்றில் ஒரு பங்குகூட இரும்புச் சக்கரத்துக்குக் கிடைப்பது கஷ்டம். மழைத்தூறல் விழுந்தால் இன்னும் வழுக்கும். அதனால் டிராமில் மணல் பெட்டி வைத்திருப்பார்கள். சக்கரத்துக்கு முன்னால் கொஞ்சம் மணல் தூவினால் பிடிப்பு வரும். ரயில் எஞ்சின்களில் இன்றைக்கும் அந்த மணல் உண்டு.

இன்னொரு தொல்லை, டிராமால் ஒதுங்க முடியாது. இதை நம் ஊரிலேயே நேரில் பார்க்கலாம். ரயில்வே கேட் திறந்திருக்கும்போது, பெரியவர்களோடு கடந்து போகையில், நிற்காமல் கீழே பாருங்கள். மற்ற இடங்களில் தண்டவாளம் ஜல்லிக்கு மேலே எழுந்து நிற்கும். கேட்டில் மட்டும் சாலையோடு சாலையாக அமுங்கிக் கிடக்கும். தண்டவாளத்தின் உட்பக்கமாக இரண்டு விரல் நுழைகிற மாதிரி ஒரு பள்ளம் ஓடும். அந்தப் பள்ளத்தை யாரும் தாரால் மூடவில்லை, மூடவும் கூடாது. ரயில் சக்கரத்தின் உட்பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பு அதற்குள்தான் ஓட வேண்டும். அந்த விளிம்புதான் வண்டி தடம் விலகாமல் பார்த்துக்கொள்கிறது. டிராம் பாதை என்றால் ஊர்முழுக்க இப்படித்தான்: மைல் கணக்கில் சாலைக்குள் இரும்பும் பள்ளமும்.

இப்போது அந்தப் பாதையில் ஒரு மாட்டுவண்டி அச்சு முறிந்து நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பேருந்து என்றால் ஸ்டியரிங்கை ஒடித்துச் சுற்றிப் போய்விடும். டிராம் நின்றாக வேண்டும். அதன் பின்னால் வரும் டிராமும் நிற்கும், அதற்குப் பின்னால் வருவதும் நிற்கும். தெருவில் மாட்டுவண்டியும் சைக்கிளும் மட்டும் இருந்தவரை சமாளித்தார்கள். கார்களும் லாரிகளும் பெருகப் பெருக, டிராம்தான் எல்லோரையும் மறிக்கிறது என்று பேச்சு வந்தது. சைக்கிள் டயர் பள்ளத்தில் சிக்கிக் கீழே விழுந்தவர்களும் டிராமைத்தான் திட்டியிருப்பார்கள்.

அதைவிடப் பெரிய காரணம் காசு. பேருந்து வாங்குகிறவர் சாலை போட வேண்டாம். சாலையை அரசாங்கம் எல்லோர் வரிப்பணத்திலும் போட்டுக் கொடுக்கும். டிராம் கம்பெனியோ தண்டவாளம், கம்பி, கம்பம் எல்லாவற்றையும் தன் செலவில் போட்டு, தன் செலவில் பழுது பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் 1870-ல் வந்த சட்டப்படி, இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே இருக்கும் தெருவையும், இருபுறமும் பதினெட்டு அங்குலத்தையும்கூட டிராம் கம்பெனிதான் செப்பனிட வேண்டும். அந்தத் தெருவைத் தேய்த்துவிட்டுப் போவதோ மற்ற வண்டிகள்! தண்டவாளம் பதித்த சாலையைப் பழுது பார்ப்பது சும்மா காரியமில்லை. இடுக்கில் மழைநீர் இறங்கி, அடிமண் இளகி, இரும்பு ஒரு பக்கம் தாழ்ந்துவிடும். சரிசெய்யத் தெருவையே தோண்ட வேண்டும்.

சென்னையில் ஒரு காலத்தில் 97 டிராம் வண்டிகள், சுமார் 24 கிலோமீட்டர் பாதை இருந்தன. கம்பெனி நட்டத்தில் மூழ்கியது, 1953-ல் மூடியது. கான்பூரில் அதற்கு முன்பே, 1933-லேயே நிறுத்திவிட்டார்கள். லண்டனில் 1952. கொழும்பில் 1960. டெல்லியில் 1963. பம்பாயில் 1964 மார்ச் 31 கடைசி நாள். உலகின் பல நகரங்களில் ஏறக்குறைய ஒரே காலத்தில் இந்த முடிவை எடுத்திருக்கிறார்கள். இந்தியாவில் கல்கத்தா மட்டும்தான் விடாமல் பிடித்துக்கொண்டது. அங்கும் 2024-ல், மைதான் – எஸ்பிளனேடு பாதையைத் தவிர மற்றதை நிறுத்துவதாக மேற்கு வங்க அரசு அறிவித்தது. எனக்கு அது வருத்தமாகவே இருக்கிறது.

ஏனென்றால், டிராம் அறிவியலில் தோற்றுப் போகவில்லை. இரும்பின் மேல் இரும்பு லேசாக உருளும் என்ற விதி 1953-க்குப் பிறகு மாறிவிடவில்லை. வண்டிக்குள் டீசலும் சுமக்க வேண்டாம், பேட்டரியும் சுமக்க வேண்டாம். சக்தி கம்பியில் காத்திருக்கிறது. பிரேக் போடும்போது மோட்டாரையே ஜெனரேட்டராக மாற்றி, ஓட்டத்தின் சக்தியை மின்சாரமாகக் கம்பிக்கே திருப்பி அனுப்பும் வித்தையும் வந்துவிட்டது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரம் தன் டிராமை எடுக்கவே இல்லை. அகலமான தெருக்கள் இருந்ததும் அதற்கு உதவியது. இன்று அங்கே சுமார் 250 கிலோமீட்டர் பாதை இருக்கிறது, உலகத்திலேயே பெரியது. பிரான்சில் நான்ட் நகரம் 1985-லும் ஸ்ட்ராஸ்பர்க் 1994-லும், பெயர்த்து எறிந்த டிராமைப் புதிதாகப் போட்டுக்கொண்டன. இந்த முறை ஒரு பழைய தவறைத் திருத்திக்கொண்டார்கள்: பல தெருக்களில் கார்கள் ஏற முடியாதபடி டிராமுக்குத் தனிப் பாதை ஒதுக்கினார்கள். மாட்டிக்கொண்டு நிற்கும் தொல்லை பெருமளவு தீர்ந்தது.

போன தண்டவாளம் திரும்பி வருவதை நம் ஜில்லாவில் கண்ணாலேயே பார்த்தோமே! மதுரை – போடி ரயில் 1928-ல் வந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அந்தத் தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். 1950-களில் மறுபடி, அகலம் குறைந்த மீட்டர் கேஜ் பாதை போட்டார்கள். 2010 கடைசியில், அகலப் பாதை ஆக்குவதற்காக அதுவும் நின்றது. ஆண்டிபட்டிக் கணவாயில் பாறையை உடைத்து, பாலங்களைப் புதிதாகக் கட்டி, 2022 மே மாதம் தேனிக்கும் 2023 ஜூன் மாதம் போடிக்கும் ரயில் வந்து சேர்ந்தது. இடையில் பதினோரு வருடத்துக்கு மேல் தேனிக் குழந்தைகள் சொந்த ஊரில் ரயிலைப் பார்க்காமலேயே வளர்ந்தார்கள்.

இப்போது அந்தப் பாதைக்கு மேலே மின்கம்பியும் வந்துவிட்டது. இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பழைய டிராம் கம்பியில் ஓடியது சில நூறு வோல்ட். ரயில் கம்பியில் ஓடுவது 25,000 வோல்ட். அதைத் தொடவே வேண்டாம், மிக அருகில் போனாலே காற்றைத் தாண்டிப் பாய்ந்துவிடும். நிற்கிற ரயில் பெட்டியின் மேல் ஏறிப் படம் எடுக்கப் போய் உயிரை விட்டவர்கள் உண்டு. யார் கூப்பிட்டாலும் ஏறாதீர்கள், ஏறுகிறவர்களையும் விடாதீர்கள்.

தேனியிலிருந்து தெற்கே சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூருக்கு மட்டும் இன்னும் ரயில் இல்லை. வேண்டும் என்று நெடுங்காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஊர்கள் எல்லாம் ஒரே சாலையை ஒட்டி வரிசையாக இருக்கின்றன, நிலமும் லோயர் கேம்ப் வரை மெல்லத்தான் ஏறுகிறது. தண்டவாளத்துக்கு ஏற்ற இடம் என்றுதான் நான் நினைக்கிறேன். லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு ஏறுவதுதான் சிக்கல். வழுக்குகிற இரும்புச் சக்கரத்துக்கு மலை ஏறத் தெரியாது. சாதாரண ரயில் பாதையில் 40 மீட்டர் போனால் 1 மீட்டர் ஏறுவதே பெரிய ஏற்றம். குமுளிக்கு 400 மீட்டர் ஏற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 400-ஐ 40-ஆல் பெருக்கினால் 16,000 மீட்டர். அந்தச் சரிவுக்குள் 16 கிலோமீட்டர் பாதையை வளைத்து வளைத்துப் போட இடம் தேட வேண்டும்.

மேட்டுப்பாளையம் – ஊட்டி மலை ரயிலில், கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை தண்டவாளங்களுக்கு நடுவே பல் பதித்த இரும்புப் பட்டை இருக்கிறது. எஞ்சினின் பல்சக்கரம் அதில் கோத்துக்கொண்டு ஏறும். அப்படிச் செய்தால் 12 மீட்டருக்கு 1 மீட்டர் ஏறலாம், ஆனால் வேகம் ஆமை வேகம்தான். இல்லை, கொட்டகுடிக்குத் தேயிலை இறக்கியது போலக் கம்பிவடம் கட்டலாம், சக்கரத்தின் பிடிப்பைப் பற்றிய கவலையே வராது. ஆனால் ஒரு தடவைக்கு எத்தனை பேரை ஏற்ற முடியும், காற்று பலமாக அடிக்கும் ஆனி ஆடியில் என்ன செய்வது, வழியில் இருக்கும் காட்டு யானைகளுக்கு எது குறைந்த தொல்லை என்று எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். லோயர் கேம்ப் – குமுளி மலைப்பாதையை ஒரு தாளில் வரைந்து, மூன்றில் எதைப் போடுவீர்கள், எங்கெங்கே வளைப்பீர்கள் என்று கணக்கோடு எழுதி அனுப்புங்கள்.